சாப்பாட்டு வேளையில் ஏறிய முள்

மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் அரிசி மில்லில் நெல் அவிப்பது நின்றுவிடும். மணி அடிப்பதில்லை, யாரும் வந்து சொல்வதுமில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையோரத்தில் உள்ள அந்த மில்லின் முதலாளி சமணர். மேல்சித்தாமூர்ப் பக்கத்துக் குடும்பம். எல்லோரும் அவரை 'நயினார்' என்றே அழைப்பார்கள். பொழுது சாய்ந்தபின் அவர் தண்ணீர்கூடத் தொடமாட்டார். தான் உண்ணும் நேரத்தில் தன்னிடம் வேலை செய்கிறவர் எவரும் பசியோடு நிற்கக் கூடாது என்பதும், அவர்களுக்கு முன்னால் தான் கை நனைக்கக் கூடாது என்பதும் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. ஆகவே அந்த அரைமணி நேரம் தொட்டிகளுக்குப் போகும் நீராவியை மேஸ்திரி அடைத்துவிடுவார். மூட்டை தூக்குகிறவர்கள், களத்தில் நெல் கிளறும் பெண்கள், லாரி ஓட்டி வந்தவர், அலுவலகத்தில் கடிதம் எழுதும் நான், கடைசியாக நயினார் என்று எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவோம். அவர் வீட்டிலிருந்து இட்லியும், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலைச் சட்னியும் வரும். சில நாள் கேப்பை அடை.

ஒருவர் மட்டும் அந்த வரிசைக்கு வருவதில்லை. அவர் பாய்லர்காரர். பாய்லர் எரிந்துகொண்டிருக்கும்போது, அதற்கென்று சான்றிதழ் பெற்ற ஆள் அதை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். தொட்டிகள் ஓய்ந்தாலும் நெல் உலர்த்தும் டிரையர் ஓயாது. அதற்கு ஆவி போய்க்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே எங்கள் வரிசை கலைந்த பிறகு, ஆறு மணிக்கு மேல், மூடிவைத்த ஒரு தட்டு அவரிடம் போகும். இட்லி அதற்குள் ஆறியிருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பேருந்தில் போய்வருகிறவள். கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலிருந்து மேடையில் பேசுகிறேன். எந்தத் தலைப்பு கொடுத்தாலும், எந்தப் பக்கம் நிற்கச் சொன்னாலும், ஐந்து நிமிடத் தயாரிப்பில் பேசி ஜெயிக்க முடியும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். திண்டிவனத்தில் ஒரு கூட்டத்தில் நான் பேசியதை முன்வரிசையில் இருந்து கேட்ட நயினார்தான், "எங்க மில்லு லெட்டரெல்லாம் நீ எழுதேம்மா" என்று வேலைக்குச் சேர்த்தார். என் நாவினால் வந்த வேலை என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமை ஒரு வாரத்தில் என்ன செய்தது என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரத்தின் முதல் நாள், திங்கட்கிழமை, நாங்கள் சாப்பிட உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். பாய்லர் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. விசில் என்று சொல்ல முடியாது. தகரத்தைக் கிழிப்பது போன்ற, காதுக்குள் நேராக இறங்குகிற சத்தம். கூரைக்கு மேலே வெண்ணிற ஆவி பீறிட்டது. சிறிது நேரத்தில் அடங்கியது. பிறகு மறுபடியும் எழுந்தது.

அது என்ன சத்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாய்லரில் நீராவி ஏழு கிலோ அழுத்தத்தில் உற்பத்தியாகிறது. டிரையருக்கு அது அப்படியே போகும். நெல் அவிக்கும் தொட்டிக்கு அப்படி அனுப்ப முடியாது. ஏழு கிலோ ஆவி நேரே புகுந்தால் அடியிலிருக்கும் நெல் வெடித்துக் கருகும், மேலிருக்கும் நெல் வேகாமல் நிற்கும், தொட்டியின் தகடும் தாங்காது. அதற்கு ஒன்றரைக் கிலோ போதும். ஆகவே இடையில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு இருக்கிறது. அதற்கு முன்னால் அழுத்தம் காட்டும் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ். முன்னால் உள்ள முள் ஏழில் நிற்கும்; பின்னால் உள்ள முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். ஏதோ கோளாறாகி அது இரண்டைத் தொட்டுவிட்டால், தொட்டியைக் காப்பாற்ற வைத்திருக்கும் சேஃப்டி வால்வு திறந்துகொண்டு ஆவியை வெளியே தள்ளும். நாங்கள் கேட்டது அந்தச் சத்தம்.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்தில் சத்தம் வந்தது. புதன்கிழமை வந்தபோது, களத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா பயந்து எழுந்து ஓடி, சட்னி சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விலகிவிட்டது. அன்று காலை அவித்த நெல்லிலும் பாதி சரியாக வேகவில்லை; அரிசியின் வயிற்றில் வெள்ளை தெரிந்தது. பாய்லர்காரர் முந்தின நாள் ஸ்பேனரோடு அந்த வால்வின் அருகே நின்றதைப் பார்த்ததாக மேஸ்திரி சொன்னார்.

வியாழக்கிழமை காலை நயினார் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டினார். பாய்லர்காரர் என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். கண்டமங்கலத்துப் பக்கம் வீடு. இரண்டு பேருந்து மாறி வருகிறவர். உமித்தூசு படிந்த சட்டையோடு கதவோரம் நின்றார். நயினாருக்குக் கடுமையாகப் பேச வராது. என்னைப் பார்த்து, "நீயே கேளும்மா" என்றார்.

எனக்கு அது ஒரு மேடையாகத் தெரிந்தது.

"வால்வுல ஸ்பேனர் போட்டீங்களா, இல்லையா?" என்று கேட்டேன்.

"போட்டேன் மேடம். செவ்வாக்கெழமை."

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"இடது பக்கம். அரை சுத்து. பிரஷர் கொறையட்டும்னு. அப்பறம் நெல்லு வேகலன்னதும் மறுபடி பழைய எடத்துலயே வெச்சிட்டேன்."

"எந்தக் குழாயா இருந்தாலும் வலது பக்கம் திருப்பினாத்தானே அடையும்?"

"இது குழா மாதிரி இல்ல மேடம். வலது பக்கம் முறுக்கினா உள்ள ஸ்பிரிங்கு அமுங்கும். பிரஷர் ஏறும்."

"அப்போ ஏத்தணும்னா எந்தப் பக்கம் திருப்பணும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

உண்மையை ஒளிக்காமல் சொன்னதாலேயே தான் சிக்கிக்கொண்டது அவருக்குப் புரிந்த கணம் அது. எனக்கும் புரிந்தது. ஆனால் ஒரு நல்ல வாதம் கைக்கு வந்துவிட்டால் அதை விட்டுவிட எனக்கு யாரும் பழக்கியதில்லை. நான் அடுக்கினேன்: சத்தம் வரும் நேரமெல்லாம் எல்லோரும் ஓரிடத்தில் இருக்கிறோம், கொட்டகையில் இருப்பவர் ஒருவர்தான். எப்படி ஏற்றுவது என்று தெரிந்தவரும் அவர்தான். நாங்கள் சேர்ந்து உண்ணும்போது தனியே நிற்கவேண்டியவரும் அவர்தான். வாய்ப்பு, திறன், மனத்தாங்கல். மூன்றும் ஒருவரிடமே கூடியிருக்கின்றன.

அப்போது அவர் ஒன்று சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, நயினாரைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்கல்லாம் சாப்பிட உக்காந்தீங்கன்னா அது ஏறுதுங்க. எழுந்து போயிட்டீங்கன்னா எறங்கிடுது. எனக்கு அவ்ளோதான் சொல்லத் தெரியுது."

"அப்போ எங்க இட்லியிலருந்து கெளம்பற ஆவிதான் உங்க வால்வை ஏத்துதா?" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். லாரி ஓட்டுநர் சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு எழுந்த பிறகு எதிரணி எழுந்திருக்காது என்பது மேடையில் நான் கற்ற பாடம். அன்றும் அது பொய்க்கவில்லை. நயினார் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, "சனிக்கெழமையோட நின்னுக்கட்டும். லெட்டர் எழுதிடும்மா" என்றார். மில்லுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி போட்டுவிடச் சொன்னார். பாதுகாப்புக் கருவியில் கை வைத்தவர் என்று அந்தக் குழுவில் ஒருமுறை வந்துவிட்டால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பாய்லர் கொட்டகையிலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். நயினாருக்கும் எனக்கும் அது தெரியும். கதவோரம் நின்றவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கடிதத்தை நன்றாகவே எழுதினேன். அதில் ஒரு சொல்லைக்கூட எவராலும் அசைக்க முடியாது என்று நினைத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்து வேண்டும். மற்றவர்கள் முன்னிலையில் கொடுத்து அவமானப்படுத்த வேண்டாம் என்று, பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு, அன்று மாலை ஐந்தரை மணிக்கு, எல்லோரும் வரிசையில் உட்காரும் நேரம் பார்த்துப் பாய்லர் கொட்டகைக்குப் போனேன். அதுவரை நான் அதற்குள் நுழைந்ததே இல்லை.

"கையெழுத்துதானே, போடறேன் மேடம்" என்றார். "கொஞ்சம் இருங்க. உமி தள்ளிட்டு வர்றேன்."

அடுப்பு வாய் கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து இருபது தப்படி இருக்கும். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உமியைத் தள்ளினார். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் கண்ணெதிரே இருந்த கேஜைப் பார்த்தேன். முன்னது ஏழு. பின்னது ஒன்றரை. வெளியே மேஸ்திரி தொட்டிக் குழாயை அடைக்கும் ஓசை கேட்டது.

பின்னால் இருந்த முள் ஒன்றரையைத் தாண்டி நின்றது.

முதலில் என் கண்ணின் பிழை என்று நினைத்தேன். கடிகாரத்தில் நிமிட முள் நகர்வதைப் பார்க்க முடியாது. ஆனால் சற்று வேறுபக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது இடம் மாறியிருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது. அவர் இன்னும் அடுப்பருகே இருந்தார். ஸ்பேனர் சுவரில் ஆணியில் தொங்கியது. வால்வின் தலையில் இருந்த திருகு அசையவே இல்லை. அதன்மேல் பூட்டு நட்டு இறுகியிருந்தது. முள் ஒன்றே முக்கால். பிறகு அதற்கும் மேலே. என் கையிலிருந்த கடிதம், யாரும் தொடாமலே ஏறுகிற அந்த முள்ளை ஒரு மனிதர் ஏற்றியதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சத்தம் என் தலைக்கு மேலேயே வெடித்தது. காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். அவர் அவசரமில்லாமல் வந்து, வால்வுக்குப் பின்னால் குழாயின் அடியிலிருந்த சிறிய வடிகால் குழாயைக் கொஞ்சம் திறந்தார். ஆவி தரையோடு சீறி ஓடியது. முள் இறங்கியது. சத்தம் நின்றது. மறுபடி மூடினார். முள் மெல்ல ஏறத் தொடங்கியது.

"இதத்தான் தெனம் பண்ணிக்கினு இருக்கேன்" என்றார். "கொஞ்சம் தொறந்து வுட்டா அடங்கிடும். தொறந்தே வுட்டா ஆவி வீணாப் போவுதுன்னு மேஸ்திரி திட்டறாரு. அங்க உமி தள்ளினா இங்க ஏறுது. இங்க வந்து நின்னா அங்க நெருப்பு கொறையுது. எங்கதான் நிக்கறது?"

"டேங்குக்கு ஆவி போவும்போது ஏறாதா?"

"ஏறாது. அவங்க எடுத்துக்கினே இருக்காங்க இல்ல. உள்ள ஒழுகறது அதோட அதாப் போயிடுது. அவங்க நிறுத்தினாத்தான் இது நிறுத்தலன்னு தெரியும்."

அந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்று நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் கதவைத் திறக்கவே பார்க்கும். அதற்கு எதிரே ஒரு மெல்லிய தகடு. தொட்டிப் பக்கத்து ஆவி அதன் அடியில் அழுத்திக் கதவை மூடவே பார்க்கும். தொட்டி ஆவியை எடுத்துக்கொண்டால் அந்தப் பக்கம் அழுத்தம் குறையும். ஸ்பிரிங் ஜெயித்துக் கதவு திறக்கும். தொட்டி எடுப்பதை நிறுத்தினால் அழுத்தம் கூடும். தகடு ஜெயித்துக் கதவு மூடும். கணத்துக்குக் கணம் நடக்கும் அந்தப் போட்டியில் எவரும் முழுதாக ஜெயிப்பதில்லை. ஆகவேதான் முள் ஒன்றரையில் நிற்கிறது. ஆனால் கதவு உட்காரும் இடத்தில் ஒரு சிறு கீறல் இருந்தால், மூடிய பிறகும் அந்தக் கீறல் வழியே ஏழு கிலோ ஆவி ஒழுகிக்கொண்டே இருக்கும். எடுத்துக்கொள்ள எதிரில் ஆள் இல்லாத நேரத்தில் அது சேர்ந்து சேர்ந்து இரண்டைத் தொடும். அப்படி எந்தத் தொட்டியும் ஆவியே எடுக்காத நேரம் எங்கள் மில்லில் நாளுக்கு ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் ஒரு தொட்டி நின்றால் இன்னொரு தொட்டி ஓடும்.

நீங்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஏறுகிறது என்று அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். வெளிச்சம் பார்த்துப் பிடித்து நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"'உள்நோக்கத்துடன்'னா இன்னா மேடம்?"

"வேணும்னே, அப்படின்னு."

"நான் வேணும்னே பண்ணேன்னு எழுதிக்கீறீங்க." கோபத்தோடு சொல்லவில்லை, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதிசெய்துகொள்கிறவரைப் போலச் சொன்னார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். "எங்க போடணும்?"

நான் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை நயினார் வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எடுத்துச் சொன்னேன். ஸ்பிரிங்கையும் தகட்டையும் விளக்கினேன். ஆள் தனியாக இருந்ததால் அல்ல, நாம் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் சத்தம் வந்தது என்று நிறுவினேன். குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. நயினார் குறுக்கிடாமல் கேட்டார்.

"நேத்து காத்தாலயும் இப்படித்தாம்மா பேசின" என்றார் முடிவில். "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவரே தொடர்ந்தார்.

"உன்னால ரெண்டு பக்கமும் பேச முடியுது. எது நெசம்னு நான் எத வெச்சிக் கண்டுபிடிக்கறது? நாளைக்கு இன்னொருத்தன் வந்து வேற மாதிரி சொன்னா, அதுக்கும் நீ அழகா எழுதிக் குடுப்ப."

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பியிருந்தார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என் பேச்சைப் பற்றி அவ்வளவு நியாயமாக ஒரு குறை சொன்னதில்லை. இரண்டு பக்கமும் பேச வருவதைத் திறமை என்றே எண்ணியிருந்தேன். அந்தத் திறமையால் நேற்று ஒருவர் வேலை போயிற்று. இன்று அதே திறமையால் அதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

"நான் சொல்றத விட்டுடுங்க நயினாரே" என்றேன். "நாளைக்கு அவரு எங்களோட உக்காந்து சாப்பிடட்டும். ராத்திரி ஷிஃப்டு பாய்லர்காரர அஞ்சு மணிக்கே வரச் சொல்லலாம். நீங்க கேஜ் முன்னாடி உக்காந்து, யார் கை எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க."

"அஞ்சரைலருந்தா?"

"ஆமாங்க."

"அப்போ நான் எப்போ சாப்பிடறது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் வெளியே வரும்போது பொழுது போய்விடும்.

"சீக்கிரமே கொண்டுவரச் சொல்லி..." என்று இழுத்தேன்.

"ஆளுங்களுக்கு முன்னாடி நான் சாப்பிட்டதில்லம்மா. எங்கப்பா இருந்த காலத்துலருந்து இல்ல."

சற்று நேரம் மேசையில் கிடந்த நெல்மணி ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். வேறு ஒருவரை உட்கார வைக்கலாம் என்று நான் சொல்லப் பார்த்தேன். சொல்லவில்லை. யாரை வைத்தாலும் அவர் சொல்வதைத்தான் நயினார் நம்பவேண்டும். அதுதான் இப்போது ஆகாது.

"ஒரு வேளதானே" என்றார். "நோம்பு இருக்கறதில்லையா. வரச் சொல்லு."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு இரவு ஆள் வந்துவிட்டார். கேஜுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. நயினார் அதில் உட்கார்ந்து, இரவு ஆளை அடுப்பருகே நிற்கச் சொல்லி, தான் அழைக்கும்வரை வால்வுப் பக்கம் வரக் கூடாது என்றார். ஸ்பேனரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பாய்லர்காரர் முகம், கை, கால் கழுவிக்கொண்டு களத்தோரம் வந்தார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தனை மாதங்களாக அந்த மில்லில் இருந்தும், அந்த வரிசையில் அவருக்கென்று ஓர் இடம் பழகியிருக்கவில்லை. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த அம்மா சற்று நகர்ந்து, "இப்படி குந்துப்பா" என்றார்.

"இன்னிக்கு சத்தமே வராது பாரு" என்றார் மேஸ்திரி, இட்லியைப் பிட்டுக்கொண்டே. "ஆளுதான் இங்க கீறாரே."

பாய்லர்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இட்லியைத் தொட்டதும் கையைச் சட்டென்று எடுத்துவிட்டு, பிறகு மெல்ல வைத்தார். சூடாக இருந்தது.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. சத்தம் இல்லை. வியாழக்கிழமை நான் பார்த்தது தற்செயலாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஒருவரைப் பசியோடு உள்ளே உட்கார வைத்திருக்கிறேன். இன்னொருவரை எல்லோர் கண்ணெதிரிலும் வெளியே உட்கார வைத்திருக்கிறேன். நான் இதுவரை ஏறிய எந்த மேடையிலும் அப்படி வியர்த்ததில்லை.

"ஏறிக்கினு இருக்கும்" என்றார் பாய்லர்காரர், என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில். "இன்னிக்கு மேஸ்திரி நாலு தொட்டியும் லேட்டாத்தான் அடைச்சாரு. கொஞ்சம் பொறுங்க."

எனக்கு ஆறுதல் சொல்லவேண்டிய நிலையில் அவர் இல்லை. ஆனாலும் சொன்னார்.

சத்தம் எழுந்தது. தட்டுகள் அப்படியே நின்றன. கூரைக்கு மேல் ஆவி வெள்ளையாகப் பீறிட்டது. அவர் பழக்கத்தால் பாதி எழுந்து, பிறகு தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து உட்கார்ந்தார். வரிசை முழுதும் அவரையே பார்த்தது. அவர் இரண்டு கைகளும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே தட்டின்மேல் இருந்தன, விரலில் சட்னி.

"ஆளு இங்க, சத்தம் அங்க" என்றார் கட்டுப் போட்ட அம்மா. "போ, சாப்பிட உக்காந்த நாமதான் குத்தவாளிங்க."

மேஸ்திரி பிட்ட இட்லியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

சத்தம் முன்பெல்லாம் கேட்டதைவிட நீண்டநேரம் கேட்டது. நயினார் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். திருகு தானாகச் சுழல்கிறதா என்று எழுந்துபோய் நட்டைத் தொட்டே பார்த்திருக்கிறார். பிறகுதான் இரவு ஆளை அழைத்து வடிகாலைத் திறக்கச் சொன்னாராம். நயினார் கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது மேற்கே வெளிச்சம் அநேகமாக முடிந்திருந்தது. முகத்தில் வியர்வை. ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. நேராக வரிசைக்கு வந்து பாய்லர்காரர் முன்னால் நின்றார். அவர் எழுந்திருக்கப் போனார்.

"உக்காரு, உக்காரு" என்றார் நயினார். "சாப்டியா?"

"சாப்ட்டேன் நயினாரே."

"இன்னும் ரெண்டு வெச்சிக்கோ."

தானே பாத்திரத்திலிருந்து எடுத்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த லெட்டர் வேணாம்மா. குரூப்புலயும் ஒண்ணும் போடவேணாம்" என்றார். யாரோ பழக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரை அவரிடம் நீட்டினார்கள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, அதை வாங்கிப் பாய்லர்காரரின் தட்டருகே வைத்தார்.

மறுநாள் புதுச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வால்வைக் கழற்றினார். கதவு உட்காரும் வளையத்தில், மயிரிழை அகலத்தில், கத்தியால் கீறியது போல் ஒரு தடம் இருந்தது. ஆவியோடு வரும் நீர்த்துளிகள் ஓயாமல் ஒரே இடுக்கில் பாய்ந்து அறுத்த தடம் என்றார். அதற்குக் காரணமும் சொன்னார். போன ஆண்டு பழைய வால்வு போனபோது, குழாய் இரண்டு இஞ்சு என்பதால் வால்வும் இரண்டு இஞ்சில் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் தொட்டிகள் எடுக்கும் ஆவிக்கு ஓரிஞ்சு வால்வே போதும். பெரிய வால்வு தன் கதவை ஒருநாளும் நன்றாகத் திறக்க வாய்ப்பில்லாமல், எப்போதும் ஒரு கீற்று மட்டுமே திறந்து நின்றிருக்கிறது. அந்தக் கீற்றில் நெருக்கிப் பாய்ந்த ஈர ஆவி அதைத் தின்றுவிட்டது. குழாயைப் பார்த்து வால்வு வாங்கக் கூடாது, ஆவி எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வாங்கவேண்டும் என்றார்.

"பெருசா வாங்கினா ரொம்ப நாள் ஒழைக்கும்னு நான்தான் சொன்னேன்" என்றார் நயினார். அன்று மாலை வரிசையிலும், எல்லோருக்கும் கேட்கும்படி, அதையே ஒருமுறை சொன்னார். புதிதாக வந்த சிறிய வால்வையும், அதற்கு முன்னால் ஆவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஒரு சிறு கலத்தையும் பொருத்தினார்கள். ஐந்தரை மணிக்கு முள் ஒன்றரைக்கு ஒரு மயிரிழை மேலே ஏறி நின்றது. இரவு ஆள் இப்போது ஐந்து மணிக்கே வருகிறார்.

குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார் நயினார். மூன்று முறை எழுதினேன். முதலிரண்டும் நன்றாக இருந்தன; அதனாலேயே கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் நடந்ததை மட்டும் நான்கு வரியில் எழுதி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவர் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டா மேடம்" என்றார். "அன்னிக்கு இட்லி ஆவின்னு கேட்டீங்களே. எல்லாரும் சிரிச்சாங்களா, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. நானும் சிரிச்சிட்டேன். அப்பறம் பஸ்ஸுல போய்க்கினு இருக்கும்போதுதான், நம்மள வெச்சே சிரிச்சிட்டு வர்றோமேன்னு தோணுச்சு. வீட்டுல அவகிட்ட வேல போச்சின்னு சொன்னேன். சிரிச்சத மட்டும் சொல்லல."

என்னிடம் சொற்கள் இருந்தன. எந்நாளும் இருக்கின்றன. அவற்றில் எதை எடுத்தாலும் அது அழகாக வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். அது மன்னித்ததா, கேட்டுக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுப்பில் நெருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் உமித் துடுப்பை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்" என்றார், அடுப்பு வாயைத் திறக்குமுன். "அனல் அடிக்கும்."